பேட்டரிக்குப் பணம் கட்டும் முன் டைனமோவைப் பாருங்கள்

எட்டு மாதத்தில் இரண்டு பேட்டரி வாங்கினேன். இரண்டுக்கும் தேவையே இருந்ததில்லை. குற்றவாளி டைனமோவுக்குள் இருந்த ஒரு டயோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஆன மொத்தச் செலவு 2,520 ரூபாய். ஒரு பேட்டரியின் விலையே அதைவிட அதிகம்.

என்னுடையது வாரக் கடைசியில் மட்டும் வெளியே எடுக்கும் பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. போன இடத்தில் எல்லாம் “பேட்டரி போய்விட்டது” என்ற ஒரே தீர்ப்பு. மீட்டரைக் கையில் எடுத்தவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. அந்த முட்டாள்தனத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வண்டியின் மின்சாரம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்கானது இது. பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பொருந்தும். மின்சாரக் கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் பொருந்தாது. அவற்றின் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் பக்கமே போகாதீர்கள்.

ஒரு சொல் விளக்கம். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைத்தான் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் டைனமோ என்கிறார்கள். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் செல்ஃப் மோட்டார், அல்லது வெறும் செல்ஃப். நானும் அப்படியே சொல்கிறேன். பட்டறையில் பேசும்போது குழப்பம் வராது.

1. வாங்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைப்பது போதும். ஆனால் 10 ஆம்பியர் துளை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் பேட்டரியில் தண்ணீர் ஊற்றும் மூடிகள் இருந்தால், உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று. கண்ணாடி, ரப்பர் கையுறை, 10 எம்.எம். ஸ்பேனர். மோதிரத்தையும் உலோகச் சங்கிலி கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியின் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் சிக்கினால் விரல் வெந்துவிடும்.

கேபிளைக் கழற்றும்போது எப்போதும் மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். கழற்றும் முன் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும்.

2. பேட்டரியை நிறுத்தி வைத்து அளப்பது

வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே அளக்காதீர்கள். சார்ஜ் ஆன கையோடு அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். இரவு முழுக்க நிற்கவிட்டுக் காலையில் அளப்பது நல்லது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் (நேர்திசை மின்சாரம்) வைத்து, பேட்டரியின் ஈய முனைகளிலேயே ஊசியை வையுங்கள்.

12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் ஏறக்குறைய காலி. ஆனால் காலியான பேட்டரியும் கெட்ட பேட்டரியும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாததால்தான் நான் முதல் பேட்டரியைப் பழைய ஈய விலைக்குக் கடையில் விட்டுவிட்டு வந்தேன்.

மூடி உள்ள பேட்டரி என்றால், யார் குற்றவாளி என்று ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும். ஆறு அறைகளிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பாருங்கள். முழு சார்ஜில் 1.25, 1.26 அளவில் இருக்கும். பட்டறையில் இதையே “கிராவிட்டி 1250” என்பார்கள். ஆறு அறையும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் பேட்டரி பட்டினி கிடக்கிறது. சார்ஜ் ஏற்றினால் எழுந்துவிடும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் கீழே கிடந்தால் அந்த அறை செத்துவிட்டது, பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். எல்லா அறைகளிலும் தண்ணீர் அடிக்கடி வற்றினால் டைனமோ அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றுகிறது என்று சந்தேகப்படுங்கள். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டராக மட்டும் இருக்கட்டும். அமிலத்தை நீங்களாக ஊற்றாதீர்கள்.

பாதிக்குக் கீழே இறங்கிய பேட்டரியை முதலில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பேட்டரிக் கடையில் மெதுவாக ஏற்ற ஒரு நாள் கேட்பார்கள். “ஒரு மணி நேரத்தில் தருகிறேன்” என்பவரிடம் கொடுக்க வேண்டாம். பேட்டரி அரைகுறையாக இருந்தால் அடுத்து வரும் சோதனைகள் எல்லாமே பொய் சொல்லும்.

3. செல்ஃப் அடிக்கும்போது அளப்பது

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு அதிகமாக இழுக்கிறது. பத்துக்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் எஞ்சின் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள்.

கேபிளைப் பார்க்க எளிய வழி உண்டு. மீட்டரின் சிவப்பு ஊசி பேட்டரியின் பிளஸ் முனையில், கறுப்பு ஊசி செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டில். செல்ஃப் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. அதேபோல் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கேபிள் சரியில்லை. பார்வைக்கு நன்றாக இருக்கும் கேபிள்கூட உறைக்குள் பச்சை பூத்திருக்கும். கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பாதி வண்டிகளின் நோய் போய்விடும். இதற்குச் செலவு உப்புத்தாளின் விலைதான்.

காதும் ஒரு கருவிதான். சாவியைத் திருப்பியதும் “டக்” என்று ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டால் சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்தச் சுவிட்ச்) அல்லது உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) பழுது. “டக்டக்டக்டக்” என்று அடுக்கினால் பேட்டரி காலி அல்லது முனை தளர்வு. மோட்டார் மட்டும் “ஙீ” என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரை எஞ்சினோடு கோக்கும் பல்சக்கரம், பல் போய்விட்டது. சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள்.

4. டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா

எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி முனையில் அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடிச் சூடாக்கி எல்லாவற்றையும் போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு மறுபடி பாருங்கள். என் வண்டியில் ஒன்றும் போடாதபோது 13.9, எல்லாம் போட்டதும் 13.1-க்குச் சரிந்தது. அதுதான் கோளாறின் அறிகுறி. முதல் அளவை மட்டும் பார்த்துவிட்டு “டைனமோ நன்றாக இருக்கிறது” என்று ஒருவர் என்னை அனுப்பிவைத்திருந்தார். 15 வோல்ட்டை எட்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. பேட்டரி வேகும், பல்புகள் வரிசையாகப் போகும்.

அடுத்து, மீட்டரை ஏசி (குளிர்சாதனம் அல்ல, மாறுதிசை மின்சாரம்) வோல்ட்டுக்கு மாற்றி அதே முனைகளில் வையுங்கள். நல்ல டைனமோ என்றால் அரை வோல்ட்டுக்குள் இருக்கும். எனக்கு 0.8 காட்டியது. டைனமோவுக்குள் பிறப்பது ஏசி மின்சாரம். டயோடுகள்தான் அதை டிசியாக மாற்றுகின்றன. ஒரு டயோடு பழுதானால் ஏசி வெளியே கசியும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பட்டறைகளில் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

இங்கே இரண்டு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கேபிளைக் கழற்றி, “வண்டி நிற்கவில்லை, டைனமோ சரி” என்று சொல்லும் பழைய வித்தையை யாரையும் செய்யவிடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடும், இசியூ என்ற வண்டியின் கணினியும் சேர்ந்து போகலாம். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத அம்பாசடர் காலத்து வண்டிகளில் செய்து பழகிய கை அது.

இரண்டாவது, புதிய வண்டிகளில் டைனமோவை இசியூ கட்டுப்படுத்துகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் 12.6, 12.8 என்று வேண்டுமென்றே குறைத்துக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைத்துப் பிரிக்கச் சொல்லாதீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுச் சற்று நேரம் கழித்துப் பாருங்கள்.

5. நிறுத்திய வண்டியில் மின்சாரம் கசிகிறதா

என் வழக்கு தீர்ந்தது இங்கேதான். பொறுமை வேண்டும், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பானெட்டைத் திறந்து வைத்து, கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடியதுபோல் செய்யுங்கள். சாவியைத் தூரமாக வையுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். மைனஸ் கேபிளைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால் மீட்டரின் பியூஸ் அந்த நொடியே போய்விடும். செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கு மேல். நான் ஒரு பியூஸைப் பலிகொடுத்த பிறகுதான் இது மனத்தில் பதிந்தது.

இணைத்த உடனே ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் எலக்ட்ரானிக் பெட்டிகள் எல்லாம் தூங்கப்போக அரை மணி நேரம் ஆகும். பிறகு 0.05 ஆம்பியருக்குள், அதாவது 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கிவிட வேண்டும். என் வண்டியில் 0.38-லேயே நின்றது. ஒரு நாளைக்கு ஒன்பது ஆம்பியர்-ஹவர். ஐந்து நாள் நிறுத்தினால் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி எப்படி உயிரோடு இருக்கும்?

கசிவு கூடுதலாக இருந்தால் பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு விழுகிறதோ அந்தப் பாதையில் திருடன் இருக்கிறான். பெரும்பாலும் வெளிக்கடையில் வாங்கி மாட்டிய ஸ்டீரியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ், திருட்டு அலாரம். எனக்கு எல்லா பியூஸையும் எடுத்தும் அளவு அசையவில்லை. கடைசியில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, டைனமோவின் பின்னால் வரும் தடித்த பிளஸ் வயரைத் தனியே பிரித்து, அதன் முனையில் டேப் சுற்றி, மறுபடி அளந்தேன். 0.03-க்கு விழுந்தது. மின்சாரம் டயோடு வழியாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்கு மீட்டரே தேவையில்லை என்றார் பிறகு டைனமோவைப் பிரித்த பெரியவர். “தம்பி, விடியற்காலையில் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு போச்சு.” எல்லாக் கசிவிலும் கைக்குத் தெரியும் அளவு சூடு வராது, தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

6. பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

சர்வீஸ் சென்டரில் டைனமோவைப் பிரிப்பது அரிது. முழுதாக மாற்றத்தான் சொல்வார்கள். எனக்குச் சொன்ன விலை ஒன்பதாயிரத்துக்கு மேல். வண்டி கம்பெனி வாரண்டியில் இருந்தால் அங்கேயே போங்கள். வெளியே பிரித்தால் வாரண்டிக்குச் சண்டை வரும். வாரண்டி முடிந்த வண்டிக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் சரி.

டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் போங்கள். டைனமோவைப் பெஞ்சில் பூட்டி, வேறொரு மோட்டாரால் சுற்றி, சுமை கொடுத்து எத்தனை ஆம்பியர் வருகிறது என்று பார்ப்பார். டைனமோவின் உடம்பில் “12 வோல்ட் 75 ஆம்பியர்” என்பதுபோல் பொறித்திருக்கும். அதற்குப் பக்கத்தில் வர வேண்டும்.

காலை பத்து மணிக்குப் போய்விடுங்கள். உதிரிபாகம் உள்ளூரில் கிடைத்தால் நான்கு மணி நேரத்தில் முடியும். காயிலை, அதாவது செம்புக் கம்பிச் சுருளை, மறுபடி கட்ட வேண்டியிருந்தால் வார்னிஷ் காய வேண்டும், மறுநாள் ஆகும். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் போகாதீர்கள். பட்டறைகளில் நிற்க இடம் இருக்காது.

7. பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

என் டைனமோவைப் பிரித்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர் முதலில் இரண்டு மூடிகளும் சேரும் இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டார். திரும்பப் பூட்டும்போது கோணம் மாறாமல் இருக்க. நான்கு நீண்ட போல்ட்டுகள் வந்தன. உள்ளே சுற்றும் பாகமான ரோட்டாரைக் கையில் எடுத்துச் சுற்றினார்; பின்பக்கப் பேரிங்கில் மணல் அரைபடுவதுபோல் ஒரு கரகரப்பு. ரோட்டாரின் இரண்டு செம்பு வளையங்களில் மீட்டரை வைத்தார்: மூன்று ஓம். இரண்டிலிருந்து ஐந்து வரை இருந்தால் பெரும்பாலும் நல்லது. வளையத்துக்கும் இரும்புத் தண்டுக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது, காட்டவில்லை. சுற்றாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரின் காயிலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். கருகிய வார்னிஷ் வாடை இல்லை, நிறமும் மாறவில்லை.

பிறகு டயோடு தட்டு. ஸ்டேட்டர் வயர்களைச் சால்டரிங் அயர்னால் பிரித்துவிட்டு ஒவ்வொரு டயோடாக இரண்டு பக்கமும் அளந்தார். நல்ல டயோடு ஒரு பக்கம் அரை வோல்ட் அளவில் காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. ஐந்து டயோடு அப்படியே. ஆறாவது இரண்டு பக்கமும் ஏதோ ஓர் எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது. மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

பில் இப்படி: டயோடு தட்டு 850, பேரிங் இரண்டு 520, கார்பன் பிரஷ் ஹோல்டர் 250, கூலி 900. உங்கள் ஊரிலும் வண்டியிலும் மாறும். ஆனால் புது டைனமோவின் விலையில் பாதியைத் தாண்டினால் பிரித்துப் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டு முழுதாக மாற்றுவதே லாபம். பேரிங், பிரஷ் இரண்டையும் கெட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரிக்கும்போதே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றுக்காக மறுபடி ஒரு கூலி கொடுக்க நேரும்.

செல்ஃப் மோட்டார் என்றால் கார்பன் பிரஷ், தண்டைத் தாங்கும் புஷ், சோலினாய்டின் செம்பு முனைகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆர்மேச்சரின் (மோட்டாருக்குள் சுற்றும் பாகம்) கம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசும் செம்பு உருளையை, கடைசலில் கொடுத்தால், செம்புத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் மைகாவையும் சற்று ஆழமாக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது பிரஷ் சீக்கிரம் தேயும். பெண்டிக்ஸைப் பெட்ரோலில் ஊறப்போட விடாதீர்கள். அதன் கிளட்சுக்குள் இருக்கும் கிரீஸ் கரைந்து, பிறகு வழுக்க ஆரம்பிக்கும்.

உதிரிபாகத்தில்தான் ஏமாற்று அதிகம். உங்கள் டைனமோவின் பெயர்த்தட்டை முன்கூட்டியே படம் எடுத்து, அதில் உள்ள பாக எண்ணைச் சொல்லி வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்குப் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை. பழைய டைனமோ மலிவாகக் கிடைக்கும்தான். பெஞ்சில் ஓட்டிக் காட்டாமல் வாங்க வேண்டாம்.

8. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

இரண்டாவது பேட்டரிக்கு நான் பணம் கட்டியது இதில் கோட்டைவிட்டதால்தான். முதல் பேட்டரிக்கு வாரண்டி இருந்தது. அட்டையில் கடை முத்திரை இல்லை, விற்ற தேதி எழுதவில்லை, பில்லையும் நான் தொலைத்திருந்தேன். வெளியூரில் மாட்டிக்கொண்டபோது அங்கிருந்த கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பேட்டரி வாங்கும்போது ஜிஎஸ்டி பில், அட்டையில் வரிசை எண், தேதி, வண்டி எண், முத்திரை நான்கும் இருக்கிறதா என்று கடையிலேயே சரிபாருங்கள். அட்டைக்குப் பதிலாகச் செல்பேசி எண்ணில் பதிவு செய்தால் குறுஞ்செய்தி வரும்வரை கடையை விட்டு இறங்காதீர்கள். வாரண்டி காலத்தை “24+24 மாதம்” என்பதுபோல் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். முதல் பகுதியில் இலவச மாற்று, இரண்டாவதில் தள்ளுபடி மட்டும். பேட்டரியை மாட்டும் முன் மீட்டரை வையுங்கள், 12.5-க்குக் கீழே இருந்தால் கடையில் நெடுநாள் கிடந்தது, வேறு கேளுங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று மறுபடி கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென்று செய்த பேட்டரிதான் மாட்ட வேண்டும். சாதாரணமானதை மாட்டினால் சீக்கிரம் படுத்துவிடும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள், அந்தத் தொகையும் பில்லில் வரட்டும்.

வாரண்டியில் கேட்கப் போனால் சார்ஜ் ஏற்றிச் சோதிக்க ஓரிரு நாள் எடுப்பார்கள். அதுவரை மாற்று பேட்டரி கேளுங்கள், பல கடைகளில் தருவார்கள். சார்ஜிங் கோளாறால் வந்த சேதம் என்று சொல்லி மறுக்க இடம் உண்டு. ஆகவே நான்காவது படியில் எடுத்த அளவுகளைத் தேதியோடு எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.

காப்பீட்டை நம்ப வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசி மின்சாரப் பழுதைத் தானாக ஏற்காது. சாலையோர உதவி என்ற கூடுதல் சேர்க்கை இருந்தால், வந்து வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து வண்டியைக் கிளப்பி (ஜம்ப் ஸ்டார்ட்) விடுவார்கள், அவ்வளவுதான்.

பட்டறை பில்லில் மாற்றிய பாகங்களின் பெயரும், பெஞ்சில் வந்த ஆம்பியரும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதும் இருக்கட்டும். எனக்கு மூன்று மாதம் என்று பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

9. மாட்டிய பிறகு

பட்டறையிலேயே நான்காவது படியை மறுபடி செய்யுங்கள். பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் எல்லாவற்றையும் போட்டதும் கீச்சிடும். பேட்டரியைக் கழற்றியதால் கடிகாரமும், சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றமும் மறந்துபோயிருக்கும். வண்டியின் கையேட்டில் வழி இருக்கும்.

ஒரு வாரம் கழித்து, வண்டியை எடுக்கும் முன் பேட்டரியை அளங்கள். நான் ஐந்து நாள் நிறுத்திவிட்டுச் சனிக்கிழமை காலை அளந்தபோது 12.5 காட்டியது. டைனமோவையும் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது.